தவளை முட்டையில் ஒரு பாகப்பிரிவினை

ப்ளஸ் டூவில் விலங்கியல் எடுத்த பழைய செட் ஆட்களைக் கேட்டால் தவளையைப் பற்றி ஒரே கதைதான் சொல்வார்கள். மெழுகு ஊற்றிய தட்டு, நாலு குண்டூசி, மல்லாக்கக் கிடக்கும் தவளை, மூக்கைத் துளைக்கும் வாடை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அறுத்துப் பார்த்ததோடு சரி. கடுகளவு முட்டை ஒன்று எப்படி இத்தனையும் கொண்ட தவளையாக மாறியது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைக் கேட்டவர்கள் ஐரோப்பாவில் போட்ட சண்டை இருக்கிறதே, அது நம் ஊர் சொத்துத் தகராறுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை!

முதலில் வால் கதை. 18-ம் நூற்றாண்டு இத்தாலியில் லாஸ்ஸரோ ஸ்பல்லன்சானி என்று ஒருவர் இருந்தார். பாதிரியார், பேராசிரியர், கையில் கிடைத்த பிராணியை எல்லாம் சோதனை செய்து பார்க்கும் ஆசாமி. தலைப்பிரட்டையின் வாலை வெட்டினால் மறுபடி வளர்கிறது, சாலமாண்டரின் கால் போனால் புதுக்கால் முளைக்கிறது என்று 1768-ல் ஒரு சிறு நூலில் எழுதினார். (ஆண் தவளைகளுக்குக் குட்டி டவுசர் தைத்துப் போட்டு, அவற்றோடு சேர்ந்த பெண் தவளைகளின் முட்டைகள் வளராததைக் காட்டியவரும் இவரேதான். ஆணின் விந்து முட்டையைத் தொட்டால்தான் கரு உண்டாகும் என்பதற்கு அதுவே சாட்சி. சிரிக்காதீர்கள், அறிவியல் வரலாற்றிலேயே உருப்படியான டவுசர் அது.)

வால் வளர்வது ஆச்சரியம்தான். அதைவிட ஆச்சரியம் அங்கே வால் மட்டுமே வளர்வது. வெட்டுப்பட்ட இடத்துக்கு, தன்னிடமிருந்து போனது வால் என்று எப்படித் தெரியும்? யார் சொன்னது? ஸ்பல்லன்சானி காலத்தில் இதற்குப் பதில் இல்லை. செல் என்ற ஒன்றிலிருந்துதான் உடம்பு உண்டாகிறது என்பதே அடுத்த நூற்றாண்டில் வந்த விஷயம்.

1880-களில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வைஸ்மன் ஒரு பதில் வைத்திருந்தார். அதைப் புரிந்துகொள்ளப் பாகப்பிரிவினையைவிட நல்ல உதாரணம் கிடையாது. கருவுற்ற முட்டையின் உட்கருவில் மொத்தச் சொத்தும் இருக்கிறது. முட்டை இரண்டாகப் பிரியும்போது சொத்தும் பிரிகிறது. இடது பக்கத்துக்கு உரியது ஒரு செல்லுக்கு, வலது பக்கத்துக்கு உரியது இன்னொன்றுக்கு. பிரிந்துகொண்டே போய், கடைசியில் தசை செல்லிடம் தசைக்கான பங்கு மட்டும், தோல் செல்லிடம் தோலுக்கான பங்கு மட்டும். தாத்தாவின் பத்து ஏக்கர் பேரன் காலத்தில் பத்து சென்ட் ஆவதில்லையா, அதே கணக்கு. அப்படியானால் வால் எப்படித் திரும்ப வளர்கிறது என்று கேட்டால், அந்த மாதிரி அவசரத்துக்கென்று சில செல்களில் தனியே கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கும் என்றார். ரிசர்வ் ஃபண்ட் மாதிரி.

இதற்குச் சோதனை வழியாகச் சாட்சி கொண்டுவந்தவர் வில்ஹெல்ம் ரூ. அவர் இருந்த ப்ரெஸ்லாவ் நகரம் அன்று ஜெர்மனியில் இருந்தது, இன்று போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. தவளை முட்டை முதல் முறை இரண்டாகப் பிரிந்த நேரத்தில், ஊசியைச் சூடாக்கி ஒரு செல்லைக் குத்திக் கொன்றார். மற்றதை அப்படியே வளரவிட்டார். 1888-ல் முடிவு அச்சில் வந்தது. வளர்ந்தது அரைக் கரு! ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காக உருவாகி, அடுத்த பக்கம் செத்த கூழாகக் கிடந்தது. பாகப்பிரிவினை முதல் பிரிவிலேயே முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ரூ இன்னொன்றையும் பார்த்தார், பார்த்ததை மறைக்காமல் எழுதியும் வைத்தார். சில கருக்களில் நாளாக ஆக, இல்லாத பாதி மெல்ல நிரம்ப ஆரம்பித்தது. வால் வளர்வதைப் போலவே. தன் கொள்கைக்குச் சங்கடமான சங்கதியைத் தானே அச்சில் ஏற்றிய அந்த நேர்மைக்காகவே ரூவைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தோன்றுகிறது.

அடுத்த அடி சீக்கிரமே விழுந்தது. 1891-ல் ஹான்ஸ் ட்ரீஷ் கடல் முள்ளெலியின் முட்டையை எடுத்துக்கொண்டார். இரண்டு செல்லாக இருந்ததைக் கடல்நீரோடு குலுக்கிக் குலுக்கிப் பிரித்தார். அரைப் பிராணியை எதிர்பார்த்துக் காத்திருந்தவருக்கு மறுநாள் கிடைத்தது, அளவில் சின்னதான ஒரு முழுப் பிராணி. மனிதர் அதிர்ந்துபோனார். பாதியாக வெட்டினால் இரண்டு முழு இயந்திரம் ஆகிற இயந்திரம் உலகத்தில் உண்டா? உயிருக்குள் இயந்திரத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்லி, கடைசியில் ஆய்வகத்தையே விட்டுவிட்டுத் தத்துவப் பேராசிரியராகிப் போனார். ஒரு முட்டை ஒருவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

கடல் முள்ளெலிக்கு ஒரு சட்டம், தவளைக்கு வேறு சட்டமா? 1895-ல் தாமஸ் ஹன்ட் மார்கன் (பிற்பாடு பழ ஈயை வைத்து நோபல் வாங்கினாரே, அவரேதான்) ரூவின் சோதனையைத் திரும்பச் செய்தார். ஒரே ஒரு மாற்றம். ஊசியால் குத்திய பிறகு சில முட்டைகளைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நேராக இருந்தவை அரைக் கருவைத் தந்தன. திருப்பி வைத்தவற்றில் பாதி அளவிலான முழுக் கரு வந்தது! தலைகீழாக்கியதும் முட்டைக்குள் இருந்த கனமான மஞ்சள் கரு நகர்ந்து, உள்ளே இருந்ததெல்லாம் இடம் மாறி அடுக்கப்பட்டிருக்கிறது. 1910-ல் மெக்லெண்டன் என்பவர் ஒரு செல்லைக் குத்தாமல் அப்படியே உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது முழுக் கருவாக வளர்ந்தது.

ரூ எங்கே தவறினார் என்பது இப்போது விளங்குகிறது. செல்லைக் கொன்றார், பிணத்தை எடுக்கவில்லை. உயிரோடிருந்த பாதி, பக்கத்தில் இன்னொரு பாதி ஒட்டிக்கொண்டிருந்ததால் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பிணத்தை அகற்றியதும் அதே செல் முழு வேலையையும் தலையில் போட்டுக்கொண்டது. சொத்து பிரிக்கப்படவே இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்து செல் நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருப்பவர் சொல்வதை செல் கேட்கும் என்பதைப் பிற்பாடு கண்ணுக்கு முன்னால் காட்டியது ஒரு மாணவி. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்பேமன் என்ற பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த ஹில்டே மங்கோல்ட். இவர்கள் எடுத்துக்கொண்டது தவளையின் உறவான நியூட் என்ற வாலுள்ள நீர்ப்பிராணி. ஒரு நியூட் கருவில் முதுகுப்பக்கம் உருவாகும் இடத்திலிருந்து துளியூண்டு திசுவை எடுத்து, வேறு நிறமுள்ள இன்னொரு நியூட் இனத்தின் கருவில், வயிறாக வேண்டிய பக்கத்தில் ஒட்டினார். அங்கே இரண்டாவதாக ஒரு கரு உருவானது, தண்டுவடத்தோடு. நிறத்தை வைத்துப் பார்த்தால் அந்த இரண்டாவது உடம்பின் பெரும்பகுதி, ஒட்டவைத்த திசு வளர்ந்து ஆனதல்ல. வயிறாகப் போக வேண்டிய உள்ளூர் செல்களைத்தான் அந்தத் துளி திசு பேசி மனம்மாற்றி முதுகாக்கியிருக்கிறது. நூற்றுக்கணக்கான முறை செய்தும் விரல்விட்டு எண்ணும் அளவு கருக்கள்தான் பிழைத்தன. ஆன்டிபயாடிக் இல்லாத காலம், கிருமி தொற்றினால் போயிற்று.

அந்தக் கட்டுரை 1924-ல் வெளியானது, ஸ்பேமன் பெயர் முதலிலும் ஹில்டே பெயர் இரண்டாவதாகவும். அதே ஆண்டு செப்டம்பரில், கைக்குழந்தைக்கு உணவு சூடாக்கும்போது அடுப்பு வெடித்து ஹில்டே இறந்துபோனார். வயது 25. 1935-ல் ஸ்பேமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவர்களுக்கு நோபல் தருவதில்லை என்பது விதி, சரி. ஆனால் கையால் வேலை செய்தவரின் பெயர் இரண்டாவதாகப் போனதற்கு விதி எதுவும் கிடையாது. பாகப்பிரிவினையில் பெண்ணுக்குப் பங்கு குறைவது நம் ஊரில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை போலிருக்கிறது.

சரி, முதல் இரண்டு செல்லுக்குள் சொத்து பிரியவில்லை. வளர்ந்து பெரிதான பிறகு? குடல் செல்லிடமும் முழுப் பத்திரம் இருக்கிறதா, இல்லை குடலுக்கான பக்கம் மட்டும்தானா? 1952-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ப்ரிக்ஸ், கிங் இருவரும் தவளை முட்டையின் உட்கருவை நீக்கிவிட்டு, இளங்கருவின் உட்கருவை வைத்துப் பார்த்தார்கள். தலைப்பிரட்டை வந்தது. ஆனால் வயதான கருவிலிருந்து எடுக்க எடுக்கத் தோல்விதான். வளர வளரப் பத்திரத்தில் பக்கங்கள் கிழிகின்றன என்றே பலரும் முடிவு கட்டினார்கள்.

அதை மாற்றியவர் ஆக்ஸ்போர்டில் இருந்த ஜான் கர்டன். பள்ளியில் உயிரியலில் 250 மாணவர்களில் கடைசி ரேங்க். விஞ்ஞானி ஆகும் நினைப்பெல்லாம் வீண் என்று ஆசிரியர் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுக்க, அதை ஃபிரேம் போட்டுக் காலமெல்லாம் வைத்திருந்தார் மனிதர். அவர் பயன்படுத்தியது தென்னாப்பிரிக்காவின் செனோபஸ் தவளை. கர்ப்பமா இல்லையா என்று பார்க்கப் பெண்ணின் சிறுநீரை ஊசியில் ஏற்றினால் முட்டையிட்டுக் காட்டும் என்பதால் அன்று உலகமெங்கும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருந்த தவளை. ஹார்மோன் கொடுத்தால் வருடம் முழுக்க முட்டை கிடைக்கும். தீனி தின்னும் பருவத்துத் தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து 726 முட்டைகளில் வைத்தார். 10 மட்டும் நல்ல தலைப்பிரட்டை ஆயின. நூற்றுக்கு ஒன்றரைகூடத் தேறவில்லை, வியாபாரம் என்றால் அன்றே கடையை மூடியிருக்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பத்தே போதும். குடல் செல்லிடம் முழுத் தவளைக்கான பத்திரமும் பக்கம் கிழியாமல் இருந்தது. இது வெளியானது 1962-ல். அதே 1962-ல் பிறந்த ஷின்யா யமனாகா, 2006-ல் எலியின் சாதாரண செல்லையே நான்கு மரபணுக்களால் இளங்கரு நிலைக்குத் திருப்பினார். 2012-ல் இருவருக்கும் சேர்த்து நோபல். கர்டன் 2025-ல் காலமானார்.

இப்போது பாதிரியாரின் வாலுக்குத் திரும்பலாம். ஒவ்வொரு செல்லிடமும் முழுப் பத்திரம் உண்டு என்றால், வளர்ந்த தவளையின் கால் போனால் ஏன் கால் வருவதில்லை? செனோபஸ் தலைப்பிரட்டைக்கு வால் தண்டுவடத்தோடு, தசையோடு திரும்ப வரும். பெரிய தவளைக்கோ காலுக்குப் பதில் எலும்புகூட இல்லாத ஒரு குருத்தெலும்புக் குச்சிதான் நீட்டிக்கொண்டு வரும். இன்னொரு விசித்திரம், தலைப்பிரட்டைப் பருவத்திலேயே நடுவில் சில நாட்கள் வாலும் வளராது, பிறகு மறுபடி வளர ஆரம்பிக்கும். பத்திரம் தொலைந்து திரும்பக் கிடைப்பதில்லையே! அப்படியென்றால் பீரோவில் பத்திரம் பத்திரமாகத்தான் இருக்கிறது, திறக்கச் சொல்லும் உத்தரவு வருகிறதா இல்லையா என்பதே கேள்வி.

அமெரிக்காவின் ஃபோர்சைத் ஆய்வு நிறுவனத்தில் மைக்கேல் லெவின் குழு 2007-ல் அந்த உத்தரவில் ஒரு பகுதி மின்சாரம் என்று காட்டியது. வெட்டுப்பட்ட இடத்துச் செல்கள் புரோட்டான்களை வெளியே தள்ளி மின்னழுத்தத்தை மாற்றுகின்றன. அதைத் தடுத்தால் வால் இல்லை. வளராத அந்த நாட்களில் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு புரோட்டான் பம்ப்பை வைத்தால் வால் வந்தது. 2022-ல் அதே குழுவினர், கால் வெட்டப்பட்ட பெரிய செனோபஸ் தவளைகளின் காயத்தில் ஐந்து மருந்துகள் அடங்கிய சின்னஞ்சிறு மூடியை 24 மணி நேரம் மட்டும் மாட்டிவைத்துக் கழற்றினார்கள். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. 18 மாதங்களில் எலும்பும் நரம்பும் கொண்ட ஒரு கால் வளர்ந்தது. முனையில் விரல் மாதிரி சில வந்தன, அவற்றுக்குள் எலும்பு இல்லை. தொட்டால் அந்தக் காலுக்கு உணர்வு இருந்தது. தவளைகள் அதை உதைத்து நீந்தின.