மனநல ஆலோசகரை நேரில் பார்ப்பதில் என்ன பயன்?

2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மனநல ஆலோசனையும் கைத்தொலைபேசிக்கு மாறியது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்குக் காணொளி வழி ஆலோசனை, நேரடிச் சந்திப்புக்கு ஏறக்குறைய இணையான பலன் தருவதாகவே பல ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியிருக்க, பஸ் ஏறி, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எதற்காக நேரில் போக வேண்டும்?

முதல் காரணம் வீடுதான். மலிவு விலை அடுக்குமாடியில் மாமியார் கூடத்தில் இருக்கிறார், பிள்ளைகள் ஓர் அறையில் படிக்கிறார்கள், இரவு வேலை முடிந்து வந்த கணவர் இன்னோர் அறையில் தூங்குகிறார். மருமகள் எங்கே உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவார்? தோட்டத்துப் பழைய லயங்களில் பக்கத்து வீட்டு இருமல்கூட இந்தப் பக்கம் கேட்கும். குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்குபவர், சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுகிறார். வீட்டில் அடி வாங்குபவரின் நிலை இன்னும் மோசம். அடிப்பவர் அதே அறையில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆலோசகருக்கு அது தெரியாது. கதவைச் சாத்திய ஓர் அறை, ஒரு மணி நேரம், எதிரே கேட்க ஓர் ஆள். இவ்வளவும் ஒருசேரக் கிடைப்பது பலருக்கு அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அடுத்தது உடம்பு. நம்மவர்கள் “மனசு சரியில்லை” என்று எளிதில் சொல்வதில்லை. நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, தூக்கம் வரவில்லை என்றுதான் தொடங்குவார்கள். திரையில் தெரிவது முகம் மட்டுமே. நேரில் வந்தால் கை நடுக்கம், தொளதொளத்துப் போன சட்டை, காலையிலேயே வீசும் மது வாடை, யாருடைய பெயரைச் சொல்லும்போது கண் தரைக்குப் போகிறது என்பதெல்லாம் ஆலோசகருக்குத் தெரியும். அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும் சோர்வும் வாட்டமும் வரும். டாக்டர் தேவை என்று கருதினால் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார்.

சிறு பிள்ளைகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து துக்கத்தை விவரிக்க மாட்டார்கள். பொம்மையையும் வண்ணப் பென்சிலையும் கொடுத்தால்தான் விஷயம் வெளிவரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவரையும் நேரில் பார்ப்பதே நல்லது. நிலைமை மோசமானால் அங்கிருந்தே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். முன்பு தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்கீழ் குற்றமாக இருந்ததால் பல குடும்பங்கள் அதை மூடி மறைத்தன. 2023-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கலாம். அருகில் தமிழ் பேசும் ஆலோசகர் இல்லை, மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசினால் மனம் திறக்காது என்றால், தொலைவில் உள்ள தமிழ் ஆலோசகரிடம் காணொளி வழி பேசுவதே மேல்.

நேரில் போகத் தயங்க வைப்பது பெரும்பாலும் செலவன்று, பேச்சுதான். 1911-இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இருப்பதால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது. சொந்த ஊர் கிளினிக்கில் தெரிந்த முகங்கள் இருக்குமென்று கூச்சப்படுபவர் பக்கத்து டவுனுக்குப் போகலாம், தவறில்லை. ஆலோசகரிடம் பேசியது குடும்பத்துக்கோ முதலாளிக்கோ போகாது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டுமே விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்குகள் எவை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம்.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். கவுன்டரில் மன அழுத்தப் பரிசோதனைக்கு வந்திருப்பதாகச் சொன்னால் போதும். வினாத்தாள் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள்; தேவைப்பட்டால் டாக்டர் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். மருந்து எழுதிக் கொடுப்பது டாக்டர்தான், ஆலோசகர் அல்ல. தனியாரிடம் போனால் ஒரு சந்திப்புக்கே நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, வாரியத்தில் பதிவு செய்து தொழில் சான்றிதழ் பெற்றவர் மட்டுமே ஆலோசகராகத் தொழில் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

முதல் சந்திப்பு பெரும்பாலும் கேள்விகளிலேயே போய்விடும். வெறுங்கையோடு திரும்பியது போலத் தோன்றும். இரண்டு மூன்று முறை போன பிறகும் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆலோசகரைக் கேட்கலாம்.

சந்திப்பு நாள் வரும்வரை தாங்க முடியாதவர்கள், 15555 என்ற ஹீல் தொலைபேசி எண்ணுக்கும், 24 மணி நேரமும் 03-7627 2929 என்ற பிஃபிரெண்டர்ஸ் எண்ணுக்கும் அழைக்கலாம்.