வினவலுக்கு விடை சொன்ன அரட்டை அறைகள்

தரவுத்தள வினவலில் சிக்கிக்கொண்டவர் இணைய அரட்டை அறைக்குள் வந்து கேள்வி கேட்பதும், முன்பின் அறியாத ஒருவர் கூலி எதுவும் வாங்காமல் அந்தச் சிக்கலை அவிழ்த்துத் தருவதும் 1990களில் வேர்விட்ட வழக்கம். எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழியும் ஐஆர்சி என்னும் அரட்டை முறையும் தனித்தனியே வளர்ந்து, கட்டற்ற மென்பொருளின் காலத்தில் ஒன்றாகச் சேர்ந்தபோது இது பிறந்தது.

எஸ்கியூஎல்லின் மூலம் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகம். அங்கே பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தரவை அட்டவணைகளாகவும் அவற்றுக்கு இடையிலான உறவுகளாகவும் பார்க்கச் சொன்னது. அந்தக் கருத்தை வைத்து டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் ஒரு வினவல் மொழியை முன்வைத்தார்கள். 1979இல் பின்னாளைய ஆரக்கிள் நிறுவனம் அதை விற்பனைச் சரக்காக்கியது. 1986இல் அமெரிக்கத் தர நிறுவனமும் 1987இல் பன்னாட்டுத் தர நிறுவனமும் அதை ஏற்றன. எந்தத் தரவு வேண்டும் என்று மட்டும் இந்த மொழியில் சொன்னால் போதும். அதை எந்த வழியில் எடுப்பது என்பதைத் தரவுத்தளமே முடிவு செய்துகொள்ளும். வசதியும் தொல்லையும் இந்த ஓர் இயல்பிலிருந்தே வருகின்றன. இலக்கணம் பிழையில்லாமல் இருந்தால், கேட்டவர் மனத்தில் நினைத்தது வேறாக இருந்தாலும் வினவல் ஓடிவிடும். திரையில் பிழைச் செய்தி வராது, தவறான விடை வரும். கையேட்டைப் புரட்டி இந்த வகைப் பிழையைப் பிடிப்பது கடினம். இன்னொருவர் கண் தேவைப்படும்.

1980களில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்காரர், இல்லையென்றால் ஒப்பந்தப்படி பணம் வாங்கிக்கொண்டு உதவிய நிறுவனப் பொறியாளர். 1980இல் தொடங்கிய யூஸ்நெட் செய்திக்குழுக்களில் தரவுத்தளங்களுக்கென்றே தனிக் குழுக்கள் உருவாயின. ஆனால் அங்கே காலையில் எழுதிய கேள்விக்கு மறுநாள் பதில் வந்தால் அதுவே விரைவு. விலையில்லாத் தரவுத்தளங்கள் வந்ததும் நிலைமை மாறியது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரஸ் ஆய்வுத் திட்டத்தில், 1994 வாக்கில் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் எஸ்கியூஎல்லைச் சேர்த்தார்கள். 1996இல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயரைப் பெற்றது. சுவீடனில் மைக்கேல் விடேனியஸும் கூட்டாளிகளும் 1995இல் மைஎஸ்கியூஎல்லைக் கொண்டுவந்தார்கள். சிறு கடைக்காரரும் கல்லூரி மாணவரும்கூட தரவுத்தளம் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு உதவி ஒப்பந்தம் கிடையாது, தொலைபேசியில் அழைக்க ஆளும் கிடையாது. பயன்படுத்துபவர்களே ஒருவருக்கொருவர் துணையாக வேண்டியிருந்தது.

அவர்கள் கூடிய இடம் பின்லாந்தில் பிறந்தது. ஊலு பல்கலைக்கழகத்தில் இருந்த யார்க்கோ ஒய்காரினென், 1988 ஆகஸ்டில் உள்ளூர் அறிவிப்புப் பலகைக்கு ஓர் அரட்டை நிரல் எழுதினார். பல கணினிகளை இணைத்துப் பலர் ஒரே நேரத்தில் பேச வழிசெய்த அந்த நிரல்தான் ஐஆர்சி. 1991 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது அங்கிருந்து செய்தி வெளியே வர இதுவும் ஒரு வழியாக இருந்தது. 1993 மேயில் வெளிவந்த நெறிமுறை ஆவணம் ஒரு செய்தியின் நீளத்தை 512 பைட்டுக்குள் அடக்கியது. உதவி கேட்கும் முறையையே இந்த எல்லைதான் பெருமளவுக்கு வடிவமைத்தது. இருபது வரி வினவலை அறைக்குள் ஒட்டினால் மற்றவர்களின் பேச்சு திரையிலிருந்து அடித்துச் செல்லப்படும். ஒட்டியவரையே சர்வர் வெளியே தள்ளிவிடவும் கூடும். ஆகவே வினவலை வேறொரு தளத்தில் ஒட்டி, அதன் இணைப்பை மட்டும் அறையில் தருவது கட்டாயமானது. 2002இல் வந்த பேஸ்ட்பின் போன்ற தளங்கள் இந்தத் தேவையால் வளர்ந்தவை.

கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கு நெடுங்காலம் வீடாக இருந்தது ஃப்ரீநோட் வலையமைப்பு. லினக்ஸ் பயனருக்கு உதவ ராப் லெவின் 1990களின் நடுவில் தொடங்கிய ஓர் அறை, பிறகு தனி வலையமைப்பாக விரிந்து, 2002இல் அந்தப் பெயரை ஏற்றது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கும் மைஎஸ்கியூஎல்லுக்கும் அங்கே தனித்தனி அறைகள் இருந்தன. லெவின் 2006 செப்டம்பரில் சாலை விபத்தில் இறந்த பிறகும் தன்னார்வலர்கள் அதை நடத்தி வந்தார்கள்.

இந்த அறைகளில் எழுதாத சட்டங்கள் சில இருந்தன. “ஒரு கேள்வி கேட்கலாமா?” என்று கேட்டு நிற்கக் கூடாது, நேரே கேள்வியைப் போட வேண்டும். தரவுத்தளத்தின் பதிப்பு எண், அட்டவணைகளின் அமைப்பு, உண்மையில் ஓடிய வினவல், வந்த பிழைச் செய்தி ஆகிய நான்கும் வேண்டும். ஒரே கேள்வி நாள்தோறும் வந்துகொண்டிருந்ததால் விடையைப் பாட் என்னும் தானியங்கி நிரலிடம் சேமித்து வைத்தார்கள். பழைய உறுப்பினர் ஒரு குறிச்சொல்லைத் தட்டினால் உரிய ஆவணப் பக்கத்தின் முகவரியை அது எடுத்துப் போடும். அறையில் நூற்றுக்கணக்கான பெயர்கள் தெரிந்தாலும் உண்மையில் விழித்திருப்பவர் சிலர்தான். கேட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறியவருக்கு, ஒரு மணி நேரம் கழித்து வந்த பதில் போய்ச் சேராது.

அறைகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டிய சிக்கல்களில் மூன்று, அந்த உதவி எப்படிப்பட்டது என்பதை நன்றாகக் காட்டும்.

வாடிக்கையாளர் அட்டவணை ஒன்று, ஆர்டர் அட்டவணை ஒன்று. ஒருமுறைகூட ஆர்டர் தராத வாடிக்கையாளர்கள் யார் என்று அறிய வேண்டும். புதியவர் ‘நாட் இன்’ போட்டு, ஆர்டர்களில் இல்லாத வாடிக்கையாளர் எண்களைக் கேட்கிறார். அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பது அவருக்கே தெரியும், ஆனால் விடையில் ஒரு வரிசைகூட வரவில்லை. ஆர்டர் அட்டவணையில் எங்கோ ஒரு வரிசையில் வாடிக்கையாளர் எண் ‘நல்’ என்று வெறுமையாக இருந்தால் போதும், இப்படித்தான் ஆகும். வெறுமையான மதிப்போடு எதை ஒப்பிட்டாலும் ‘தெரியாது’ என்பதே எஸ்கியூஎல்லின் விடை. ‘தெரியாது’ கலந்த ‘நாட் இன்’ நிபந்தனை எந்த வரிசைக்கும் உண்மையாகாது. அனுபவசாலி வினவலைப் பார்த்தவுடன், “அந்த நெடுவரிசையில் நல் உண்டா?” என்று கேட்பார். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றினால் விடை சரியாக வந்துவிடும். அதோடு, அந்த எண் வெறுமையாக இருக்க அனுமதித்ததே அட்டவணையை வடிவமைத்ததில் நேர்ந்த பிழையா என்ற பேச்சும் தொடங்கும். பலருக்கு வினவலைவிடப் பெரிய பாடம் இந்த இரண்டாவது பேச்சில்தான் கிடைத்தது.

அடுத்தது, ‘லெஃப்ட் ஜாயின்’ போட்டும் வரிசைகள் காணாமல் போவது. இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிசைகளும் வர வேண்டும் என்று எழுதிவிட்டு, வலப்பக்க நெடுவரிசை மீதான நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் வைத்தால், இணையில்லாத வரிசைகள் அங்கே கழிந்துவிடும். நிபந்தனையை ‘ஆன்’ பகுதிக்கு நகர்த்தினால் தீரும்.

மூன்றாவது, ஒவ்வொரு வாடிக்கையாளரின் கடைசி ஆர்டரையும் எடுப்பது. ‘க்ரூப் பை’ போட்டுப் பெரிய தேதியைக் கேட்டு, பக்கத்தில் தொகையையும் கேட்பதுதான் புதியவர் செய்வது. பழைய மைஎஸ்கியூஎல் இதை மறுக்கவில்லை. தேதியைக் கடைசி ஆர்டரிலிருந்தும், தொகையை அதே வாடிக்கையாளரின் ஏதோ ஒரு வரிசையிலிருந்தும் எடுத்துக் கொடுத்தது. அறிக்கை பார்க்க ஒழுங்காக இருக்கும், கணக்கு தவறாக இருக்கும். 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் இப்படிப்பட்ட வினவலை மறுப்பது இயல்பு நிலையாக்கப்பட்டது. வரிசைகளுக்கு எண்ணிட்டுத் தேர்ந்தெடுக்கும் விண்டோ செயற்கூறுகள் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு 2009இலும் மைஎஸ்கியூஎல்லுக்கு 2018இலும் கிடைத்தன. அதுவரை அறையின் மூத்தவர்கள் துணைவினவலை வைத்துச் சமாளிக்கும் வழியையே ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள்.

விடை சரியாக இருந்தும் வினவல் ஊர்ந்து செல்லும்போது கேட்கப்பட்டது எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் அறிக்கை. தரவுத்தளம் எந்த அட்டவணையை முழுதாகப் படிக்கிறது, எங்கே இண்டெக்ஸைப் பயன்படுத்துகிறது, எத்தனை வரிசைகளை எதிர்பார்த்து எத்தனையைக் கண்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். பழகாதவர் கண்ணுக்கு அது வெறும் எண்குவியல். போலந்தைச் சேர்ந்த ஹூபர்ட் லூபசேவ்ஸ்கி, அந்த அறிக்கையை ஒட்டினால் நேரம் விழுங்கும் படிகளை வண்ணமிட்டுக் காட்டும் தளத்தை 2008இல் உருவாக்கினார். போஸ்ட்கிரெஸ்கியூஎல் அறையில் “அறிக்கையின் இணைப்பைத் தாருங்கள்” என்றால் பெரும்பாலும் அந்தத் தளம்தான். உதவுவோரின் அன்றாடத் தேவையிலிருந்து பிறந்த கருவிகளில் இதைவிடப் பயன்பட்ட வேறொன்றைச் சொல்வது கடினம்.

இந்த அறைகள் எப்போதும் இனிமையாக இருந்தன என்று சொல்ல முடியாது. நல்ல கேள்வி கேட்பது எப்படி என்று எரிக் ரேமண்ட் 2001இல் எழுதிய வழிகாட்டி பரவலாகப் படிக்கப்பட்டது. அதைப் படித்துவிட்டு வா என்று புதியவரின் முகத்தில் அடித்தாற்போல் சொன்னவர்களும் இருந்தார்கள். உதவுகிறவர் கேட்பவருடைய தரவுத்தளத்தைப் பார்க்க முடியாது. கேட்பவரோ தன் சிக்கலைச் சொல்லாமல், தான் நினைத்த தீர்வில் எங்கே மாட்டிக்கொண்டார் என்பதை மட்டும் சொல்வார். அதனால் “நீங்கள் உண்மையில் செய்ய நினைப்பது என்ன?” என்ற எதிர்க்கேள்வியே முதலில் வரும். அதைக் குறுக்கு விசாரணையாக எடுத்துக்கொண்டு மனம் நொந்து போனவர்கள் பலர். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களில் கணிசமானோர், விடை வருவதற்கு முன்பே தங்கள் தவறைத் தாங்களே கண்டுகொண்டார்கள். அரட்டை உதவியின் ஆகப் பெரிய பயன் இதுதான்.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது இன்னொரு தடை. தமிழில் படித்து வந்தவருக்குக் கேள்வியை ஆங்கிலத்தில் கோப்பதே தனி வேலை. து. நித்யா எழுதி கணியம் மின்னிதழ் வெளியிட்ட, எளிய தமிழில் மைஎஸ்கியூஎல் கற்பிக்கும் மின்னூல் அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. கேள்வியைத் தாய்மொழியில் யோசித்துப் பார்க்கத் தேவையான சொற்களையும் அது தந்தது.

அரட்டையில் சொன்ன விடை பெரும்பாலும் சொன்னவரோடு போய்விடும். நாளை அதே கேள்வியோடு வருபவர் அதைத் தேடி எடுக்க முடியாது. 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் இந்தக் குறையைக் குறிவைத்தது. கேள்வியும் விடையும் அங்கே நிலையாகத் தங்கின, தேடுபொறியில் கிடைத்தன. எளிய கேள்விகள் அங்கே போக, அரட்டை அறைகளுக்கு வந்தவை கடினமானவையாகவும் முன்னும் பின்னும் பேசித் தீர்க்க வேண்டியவையாகவும் மாறின. ஸ்லாக், டிஸ்கார்ட், டெலிகிராம் போன்ற புதிய இடங்களுக்கும் தரவுத்தளக் குழுக்கள் பரவின.

2021 மேயில் ஃப்ரீநோட் உடைந்தது. வலையமைப்பின் கட்டுப்பாடு யாரிடம் என்ற தகராறில் தன்னார்வ நிர்வாகிகள் கூட்டமாக விலகி, மே 19 அன்று லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பை அறிவித்தார்கள். புதிய இடத்தின் பெயரைத் தங்கள் தலைப்பு வரியில் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட் நிர்வாகம் அந்த மாத இறுதியில் கைப்பற்றியது. ஜூனில் அது வேறு மென்பொருளுக்கு மாறியபோது, பழைய பெயர்ப் பதிவுகளும் அறைப் பதிவுகளும் கொண்டுசெல்லப்படவில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் அறைகள் லிபெராவுக்குக் குடிபெயர்ந்தன.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, இயந்திரத்திடமே வினவல் எழுதி வாங்கும் பழக்கம் வேகமாகப் பரவியது. அடுத்த மாதமே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அப்படி உருவான விடைகளைத் தன் தளத்தில் தடை செய்தது. நாட் இன்னும் நல்லும் சேர்ந்து ஏன் வெற்று விடை தருகின்றன என்பதை இயந்திரம் நொடியில் விளக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் அட்டவணையில் அந்த நெடுவரிசை ஏன் வெறுமையாக விடப்பட்டது என்பது, யாராவது சொன்னால் ஒழிய அதற்குத் தெரியாது. அதைக் கேட்டுத் தோண்டி எடுக்கும் பழக்கம் மூத்த உதவியாளர்களிடம் இன்னும் வலுவாக இருக்கிறது. லிபெராவில் அந்த அறைகள் திறந்தே இருக்கின்றன. போகிறவர்கள் பதிப்பு எண்ணையும், அட்டவணை அமைப்பையும், நாலைந்து மாதிரி வரிசைகளையும், எதிர்பார்க்கும் விடையையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். கேள்வியைப் போட்ட பிறகு குறைந்தது சில மணி நேரமாவது அறையிலேயே இருக்கட்டும்.