கற்பிக்கும் இயந்திரம் முதல் இணைய அலகு வரை: உளவியல் மாணவருக்குப் புள்ளியியல் பயிற்றிய வரலாறு

1953 நவம்பரில் ஒருநாள் ஹார்வர்டு உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், தம் மகள் படித்த நான்காம் வகுப்பில் பெற்றோர்களோடு உட்கார்ந்து கணக்குப் பாடத்தைக் கவனித்தார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். சிலருக்கு முதல் வரியே விளங்கவில்லை. எழுதியது சரியா தவறா என்பது, தாள் திருத்தி வரும்வரை யாருக்கும் தெரியாது. இந்த அனுபவமே அவரைக் கற்பிக்கும் இயந்திரத்தை நோக்கித் தள்ளியது. சிறு சிறு படிகள், உடனடிப் பதில், அவரவர் வேகம் ஆகிய மூன்றும் அதன் விதிகள். புள்ளியியலையும் ஆய்வு முறையியலையும் உளவியல் மாணவருக்குச் சொல்லித்தரும் இன்றைய இணையப் பாட அலகுகள் இந்த மூன்றின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே அவற்றை இணையத்தின் பிள்ளையாகக் கருதுவது பொருந்தாது. உளவியல் தன் பட்டறையிலேயே வடித்த கருவி அது. அந்தக் கருவி எதைத் தீர்த்தது, எதைத் தொடாமல் விட்டது என்பதே இங்கு கேள்வி.

‘அலகு’ என்ற வடிவத்துக்கு உருக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஸ்கின்னரின் நண்பர் ஃபிரெட் கெல்லர். 1964-இல் பிரேசிலியாப் பல்கலைக்கழகத்தில் அவரும் சக உளவியலாளர்களும் பாடத்தைத் துண்டுகளாக்கினர். ஒரு துண்டில் முழுமையாகத் தேறியவருக்கே அடுத்தது தரப்பட்டது. முன்பே தேறிய மாணவர் ஒருவர் அருகிலிருந்து தேர்வைத் திருத்தி, பிழையை அங்கேயே விளக்கினார். இம்முறையை விவரித்த 1968-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக் கெல்லர், ஆசிரியருக்கு விடைகொடுப்பதுபோலத் தலைப்பிட்டார். ஆசிரியர் போகவில்லை என்பது வேறு கதை.

அதே 1968-இல் ஸ்டான்ஃபோர்டில் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் உருவானது. மேசைக் கணிப்பான்களில் வர்க்கங்களைக் கூட்டிக்கூட்டிச் சலித்த மாணவர்களுக்கு அது பெரும் விடுதலை. கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு வந்ததாகச் சொல்லும் மாணவரைச் சந்திக்காத புள்ளியியல் ஆசிரியர் அரிது. அந்தப் பயத்தின் பாதியை மென்பொருள் வாங்கிக்கொண்டது. மற்றப் பாதி பயமாக இல்லை, தவறான நம்பிக்கையாக இருந்தது. 2002-இல் ஆய்வாளர்கள் ஹாலர், கிராவுஸ் இருவரும் ஜெர்மனியின் ஆறு பல்கலைக்கழக உளவியல் துறைகளில் ஒரு சோதனை செய்தார்கள். பி-மதிப்பு (உண்மையில் விளைவு எதுவும் இல்லையென்றால், இத்தகைய அல்லது இதைவிடத் தீவிரமான தரவு கிடைக்கும் வாய்ப்பு) 0.01 என்று வந்த ஒரு முடிவைக் கொடுத்து, அதைப் பற்றிய ஆறு கூற்றுகளில் எவை சரி என்று கேட்டார்கள். ஆறுமே தவறு. மாணவர் 44 பேரும் ஏதேனும் ஒன்றையாவது சரியென்று ஏற்றனர். முறையியல் கற்பிக்கும் 30 பேரில் 80 விழுக்காட்டினரும் அப்படியே. பாடத்தை இணையத்தில் ஏற்றுமுன் கவலைப்பட வேண்டிய எண் இந்த 80 என்பேன். வகுப்பறையில் பிழையாகச் சொல்லப்பட்டது, காணொளியாக மாறினாலும் அதே பிழைதான்.

இதற்கான மாற்றுவழி இணையத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே முளைத்திருந்தது. ரைஸ் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேவிட் லேன் அமைத்த மெய்நிகர் புள்ளியியல் ஆய்வகத்தில், மாணவர் சுட்டியால் ஒரு பரவலை வரையலாம். அதிலிருந்து ஆயிரக்கணக்கில் மாதிரிகள் எடுக்கலாம். மூலப் பரவல் எவ்வளவு கோணலாக இருந்தாலும் சராசரிகள் மணி வடிவில் குவிவதைக் கண்ணால் காணலாம். கரும்பலகையில் இதைச் செய்து காட்ட வழியே இல்லை. (ஜாவாவில் எழுதிய இத்தகைய செயல்விளக்கங்கள் பலவும், உலாவிகள் ஜாவாவைக் கைவிட்டபோது செயலிழந்தன. இணையப் பாடநூலுக்குக் கரையான் வேறு உருவில் வருகிறது.)

2002-இல் தொடங்கிய கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் முன்முயற்சி ஸ்கின்னரின் விதிகளை முழுமையாகக் கையில் எடுத்தது. மாணவர் தவறு செய்த இடத்திலேயே குறிப்புத் தந்தது. அதன் புள்ளியியல் பாடத்தை வகுப்போடு கலந்து படித்தவர்கள், பருவத்தின் ஏறக்குறைய பாதிக் காலத்திலேயே மற்றவர்களுக்கு இணையாகக் கற்றதாக 2008-இல் உளவியலாளர் மார்ஷா லவெட் குழுவினர் எழுதினர். சொந்த நிறுவனம் சொந்தப் பாடத்தைப் புகழ்கிறது என்று ஐயுற இடமிருந்தது. அதைத் தீர்த்தது, வெளி ஆய்வாளரான போவனின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வு. ஆறு அரசுக் கல்வி வளாகங்களில் 605 மாணவர் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர். அந்தப் பாடத்தோடு வாரம் ஒரு மணி நேரம் மட்டும் வகுப்புக்கு வந்தவர்களின் தேர்ச்சி மற்றவர்களுக்குக் குறையவில்லை. செலவழித்த நேரமோ ஏறத்தாழ கால்பங்கு குறைவு. புள்ளியியல் பாடம் புள்ளியியலாலேயே சோதிக்கப்பட்டது என்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் அவர்கள் பொதுப் புள்ளியியல் மாணவர்கள், உளவியலுக்கே உரியவர்கள் அல்லர். அந்த வாரம் ஒரு மணி நேரத்தையும் மறந்துவிடக் கூடாது.

உளவியலுக்குள் அடுத்த திருப்பம் 2015-இல் வந்தது. வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு மிகைகாண் முடிவு (0.05-க்குக் கீழான பி-மதிப்பு) தந்திருக்க, மறுஆய்வுகளில் 36 விழுக்காடே அவ்வாறு தந்தன. அதன்பின் எப்படிக் கற்பிப்பது என்பதோடு எதைக் கற்பிப்பது என்பதும் விவாதமானது. கிளாஸ்கோ பல்கலைக்கழக உளவியல் துறை, பகுப்பாய்வின் ஒவ்வோர் அடியும் எழுத்தில் நிற்க வேண்டும் என்று ஆர் என்ற நிரல்மொழியைப் பட்ட வகுப்பிலேயே கொண்டுவந்து, பாடங்களை எவரும் படிக்க இணையத்தில் வைத்தது. நிரலில் காற்புள்ளி ஒன்று தவறினால் பிழைச் செய்தி உடனே தோன்றும்; ஸ்கின்னர் கேட்டதும் அதுதான். பி-மதிப்பைத் தவறாகப் படித்தாலோ எந்தச் செய்தியும் தோன்றாது.

அந்த இடைவெளியை நேராகக் குறிவைத்தது, ஐந்தோவன் பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் லாக்கன்ஸ் 2016-இல் கோர்ஸெரா தளத்தில் தொடங்கிய பாடம். அதன் முதற்பயிற்சியில் மாணவர் ஒரு கற்பனை ஆய்வை ஆர் மொழியில் ஆயிரக்கணக்கான தடவை நடத்திப் பார்க்கிறார். உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோது பி-மதிப்புகள் 0 முதல் 1 வரை ஒரே உயரத்தில் பரவி நிற்கின்றன. 0.05-க்குக் கீழேயும் நூற்றுக்கு ஐந்து கிடக்கின்றன.