வாடகையும் பாட்டும்: ஐக்கிய அமெரிக்க நாட்டாரிசையின் வீட்டரங்குகள் பற்றிய ஒரு நோக்கு

இசை வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் பெரிய மண்டபங்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எத்தனை ஆயிரம் பேர் கூடினர், எத்தனை இலட்சம் இசைத்தட்டுகள் விற்றன என்னும் கணக்கே ஒரு பாடகரின் இடத்தை நிருணயிக்கும் அளவுகோலாகிவிடுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் நாட்டாரிசை பற்றிய எழுத்துகளும் இதற்கு விலக்கல்ல. ஆயின் அவ்விசையின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து, அதன் திருப்பங்களுட் பல, சில பத்துப் பேர் நெருங்கியமர்ந்த வீட்டுக் கூடங்களிலே நிகழ்ந்தமை புலனாகும்.

இன்று அந்நாட்டில் 'வீட்டுக் கச்சேரி' என்று ஒரு வழக்கம் பரவலாக உள்ளது. நாட்டார் பாடகரோ, 'அமெரிக்கானா' என 1990களில் பெயர் பெற்ற கலப்பிசையைச் சார்ந்தவரோ ஒருவரது வீட்டின் முன்கூடத்தில், பெரும்பாலும் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பாடுவார். வந்திருப்போர் இடும் பணம் பாடகருக்கே சேரும். நெருக்கத்தின் இனிமை, குரலின் இயல்பு, கேட்போரின் கவனம் ஆகியவற்றைக் கொண்டே இவ்வழக்கத்தை விளக்குவோர் உளர். அவ்விளக்கம் பொய்யன்று, எனினும் அது போதாது. பாட்டு வீட்டுக்குள் வந்தமைக்கு இரண்டு வலிய காரணங்கள் இருந்தன. ஒன்று, வாடகை கட்டவேண்டியிருந்தது. மற்றையது, வெளியே கதவுகள் சாத்தப்பட்டிருந்தன.

வாடகையின் கதை நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் தொடங்குகிறது. தென் மாநிலங்களின் நிறவெறிக் கொடுமைக்கும் வறுமைக்கும் தப்பி வடக்கே பெயர்ந்த கறுப்பின மக்கள், குறிப்பிட்ட சில பகுதிகளிலன்றி வேறெங்கும் குடியிருக்க இடம் பெறவில்லை. போக்கிடமற்றவரிடம் வீட்டுச் சொந்தக்காரர் கேட்டதே வாடகையாயிற்று. ஊதியமோ வெள்ளையர் பெற்றதிலுங் குறைவு. எனவே 1920களில் குடியிருப்பாளர் சனிக்கிழமை இரவுகளில் வீட்டுத் தளபாடங்களை ஒதுக்கிவிட்டு, பியானோ வாசிப்பவர் ஒருவரை அழைத்து, வாயிலிற் சிறு கட்டணம் அறவிட்டு 'வாடகை விருந்து' நடத்தினர். உணவும், மதுவிலக்கு நடைமுறையிலிருந்த காலமாதலின் கள்ளச் சாராயமும் விற்கப்பட்டன. ஜேம்ஸ் பி. ஜோன்சன், ஃபற்ஸ் வோலர் போன்ற பியானோ மேதைகள் இவ்விருந்துகளில் வாசித்தனர். விருந்துக்கான அழைப்பு அட்டைகளைக் கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் ஆர்வத்தோடு சேகரித்து வைத்தார். இவ்விசை ஜாஸ் மரபைச் சேர்ந்ததெனினும், வீட்டை அரங்காக்கி வாடகையை ஈட்டும் வழியை நாட்டார் பாடகருக்கு முன்னரே காட்டியவர்கள் ஹார்லெம் மக்களே என்பது மறக்கப்படலாகாது.

1941இல் அதே நகரின் மற்றொரு பகுதியான கிறெனிச் விலேஜில் இளைஞர் சிலர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கூட்டாக வாழ்ந்தனர். பீற் சீகர், லீ ஹேய்ஸ், மிலாட் லம்பெல் ஆகியோர் தொடக்கி வைத்த 'அல்மனாக் பாடகர்' குழுவினரே அவர்கள். ஒக்லஹோமாவிலிருந்து வந்த வூடி கத்றி, பெஸ் லோமாக்ஸ், சிஸ் கணிங்ஹம் முதலியோரும் பின்னர் இணைந்தனர். தொழிற்சங்கக் கூட்டங்களிற் பாடுவதே அவர்களது முதன்மைப் பணி. சங்கங்களிடம் பணமிருக்கவில்லை; பாடகரிடம் அதனிலுங் குறைவு. ஆகவே ஞாயிறு பிற்பகல்களில் தம் வீட்டிலேயே பாட்டுக் கூட்டம் நடத்தினர். நுழைவுக் கட்டணம் 35 சதம். 'ஹூற்றனனி' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். சியாற்றில் நகரில் இடதுசாரி அரசியற் குழுவினர் நிதி திரட்ட நடத்திய விருந்துகளுக்கு வழங்கிய அச்சொல்லைச் சீகரும் கத்றியும் அங்கிருந்து கொண்டுவந்திருந்தனர்.

அக்கூட்டங்களிற் பாடகர், கேட்போர் என்ற பிரிவு உறுதியாக இருக்கவில்லை. பல்லவியை எல்லோருமே பாடினர். இவ்விளைஞருட் சிலர் நகரத்துப் படித்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். தாம் பாடும் பாடல்களை நூல்கள் வழியாகவும் ஒலிப்பதிவுகள் வழியாகவும் கற்றவர்கள். அப்பாடல்களைத் தம் வாழ்விலிருந்து பாடிய லெட் பெலி போன்றோரை அவர்கள் ஒரே அறையில் அமர்ந்து கேட்க நேர்ந்தமையே அவ்வீட்டின் பெரும் பயன் எனலாம். குழுவின் அரசியலை மெச்சுவதற்கு அதிகமில்லை. போரை எதிர்த்துப் பாடிய அவர்கள், 1941 யூனில் ஹிற்லரின் படைகள் சோவியத் நாட்டினுட் புகுந்ததும் அப்பாடல்களைக் கைவிட்டுப் போரை ஆதரித்துப் பாடத் தொடங்கினர். 1942இன் தொடக்கத்தில் வானொலியிற் பாடியதும் செய்தித்தாள்கள் அப்பழைய பாடல்களை நினைவூட்டித் தாக்கின. பெரிய நிறுவனங்கள் பின்வாங்கின. குழுவும் விரைவிற் கலைந்தது.

வீட்டுக்கும் பெரிய அரங்குக்குமிடையே இருந்த வேறுபாட்டை அக்குழுவின் அனுபவம் ஒன்று நன்கு உணர்த்தும். றொக்பெல்லர் மாளிகையின் 65ஆம் மாடியிலிருந்த 'றெயின்போ றூம்' என்னும் ஆடம்பர விடுதிக்கு அவர்கள் பாடிக்காட்டச் சென்றனர். பாட்டு நிருவாகத்தினருக்குப் பிடித்தது. ஆயின் பாடகர் நாட்டுப்புறத்தார் வேடம் புனைந்து மேடையேற வேண்டுமென்று யோசனை கூறப்பட்டது. குழுவினர் அவ்விடத்திலேயே நையாண்டி அடிகளைப் புனைந்து பாடிவிட்டு வெளியேறினர். கத்றி தமது தன்வரலாற்று நூலில் (1943) இதனைச் சுவைபட எழுதியுள்ளார்.

வேடத்தை உதறிச் செல்லும் உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கவில்லை. ஹடி லெட்பெற்றர் என்னும் இயற்பெயருடைய லெட் பெலியை, லூசியானா மாநிலத்தின் அங்கோலாச் சிறையில் 1933இல் ஜோன் லோமாக்ஸும் அவர் மகன் அலனும் முதன்முதல் ஒலிப்பதிவு செய்தனர். விடுதலைக்குப் பின், 1935இல் எடுக்கப்பட்ட செய்திப்படம் ஒன்றில் அவர் தம் சிறை வாழ்வைத் தாமே நடித்துக்காட்ட நேர்ந்தது. வெள்ளை இரசிகர் விரும்பியது கைதியையே. பின்னாளில் நியூயோர்க்கில் அவரும் மனைவி மார்த்தாவும் வாழ்ந்த சிறிய வீடு பாடகர் பலர் கூடும் இடமாயிற்று. கத்றி அங்கே தங்கியிருந்ததுமுண்டு. அவ்வீட்டில் அவர் கைதியல்லர்; செம்மையாக உடுத்தி, பன்னிரண்டு தந்திக் கிற்றாருடன் அமர்ந்து, தம் மரபை இளையோருக்குக் கற்பித்த ஆசிரியர்.

அவர் 1949 டிசெம்பர் 6ஆம் திகதி இறந்தார். அடுத்த ஆண்டே சீகரும் ஹேய்ஸும் வேறிருவருடன் அமைத்த 'வீவர்ஸ்' குழு, அவரது 'குட்நைற் ஐரீன்' பாடலை இசைத்தட்டில் வெளியிட்டது. அது பதின்மூன்று கிழமைகள் நாட்டின் முதலிடப் பாடலாக விளங்கியது. அப்பாடலின் உரிமையில் ஜோன் லோமாக்ஸின் பெயரும் பங்காளியாக இடம்பெற்றிருந்தது. பாடலை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் அதன் செல்வத்தைக் காணவில்லை.

செல்வம் வீவர்ஸிடமும் நெடுநாள் நிற்கவில்லை. 1950இல் வெளிவந்த 'றெட் சனல்ஸ்' என்னும் நூல், வானொலி, தொலைக்காட்சித் துறைகளில் இடதுசாரிகள் எனக் கருதப்பட்டோரைப் பெயர் குறித்துப் பட்டியலிட்டது. கறுப்புப் பட்டியலின் காலம் அது. அரங்குகள் ஒப்பந்தங்களை இரத்துச் செய்தன. 1952இல் குழு கலைந்தது. 1955 ஓகஸ்டில் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்ட சீகர், தம் நம்பிக்கைகளையும் தோழமைகளையும் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்க மறுத்தார். 1961இல் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1962இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. இடைப்பட்ட காலத்தில் அவருக்குச் சோறிட்டவை பாடசாலைகள், சிறுவர் முகாம்கள், கல்லூரிகள் போன்ற சிறு இடங்களே. அங்கே அவர் பாடக் கேட்ட சிறுவரும் மாணவருமே 1960களின் நாட்டாரிசை எழுச்சியின் பெருங் கூட்டமாயினர். பட்டியலைத் தயாரித்தோர் தொலைக்காட்சியைக் காவல் செய்தனர். கோடைகால முகாமைக் காவல் செய்ய எண்ணவில்லை.

இதில் ஒரு கசப்பான நகைச்சுவையும் உண்டு. 1963 ஏப்பிரலில் ஏ.பி.சி. தொலைக்காட்சி நாட்டாரிசை நிகழ்ச்சியொன்றை ஆரம்பித்தது. அதன் பெயர் 'ஹூற்றனனி'. வாடகைக்காக 35 சதம் அறவிட்ட கூட்டத்தின் பெயர் நாடளாவிய வணிகப் பெயராயிற்று. அச்சொல்லை நியூயோர்க்குக்குக் கொண்டுவந்த சீகருக்கோ அந்நிகழ்ச்சியில் இடம் மறுக்கப்பட்டது. ஜோன் பயஸ் உள்ளிட்ட பாடகர் பலர் அதில் தோன்ற மறுத்தனர். 1964இல் நிகழ்ச்சி நின்றுபோயிற்று.

அதே காலத்தில், பழைய அல்மனாக் உறுப்பினரான சிஸ் கணிங்ஹமும் கணவர் கோர்டன் ஃபிரீசனும், கறுப்புப் பட்டியலினாலும் வறுமையினாலும் நொந்த நிலையில், தம் சிறிய நியூயோர்க் குடியிருப்பிலிருந்து 'புரோட்சைட்' என்னும் சஞ்சிகையை 1962 முதல் றோனியோவில் அச்சிட்டு வெளியிட்டனர். இளம் பாடலாசிரியர் அவ்வீட்டிற் கூடித் தம் புதிய பாடல்களை ஒலிப்பதிவுக் கருவியின் முன் பாடுவர். கணிங்ஹம் அவற்றைக் கேட்டுச் சுரம் எழுதுவார். பொப் டிலன், ஃபில் ஓக்ஸ் ஆகியோரின் தொடக்ககாலப் பாடல்கள் பல அவ்வாறே முதன்முதல் அச்சேறின.

வீட்டுக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்டவையாகக் கோப்பிக்கடைகள் விளங்கின. இவற்றுள் நியூயோர்க் மாநிலத்துச் சரற்றோகா ஸ்பிறிங்ஸ் நகரில் லீனா ஸ்பென்சரும் அவர் கணவரும் 1960இல் மாடியறை ஒன்றில் திறந்த 'கஃபே லீனா' தனித்துக் குறிப்பிடத்தக்கது. கணவர் சில ஆண்டுகளில் விலகிச் செல்ல, லீனா 1989இல் இறக்கும்வரை அதனைத் தனியே நடத்தினார். இலாபம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையிருக்கவில்லை. பாடகருக்கு உணவும் படுக்கையும் கிடைத்தன. 1961இல் அங்கே பாடிய டிலனைக் கூட்டத்திற் பலர் செவிமடுக்காது பேசிக்கொண்டிருந்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. சிறிய அறையிற் கூடியோரெல்லாம் நல்ல இரசிகர் என்னும் புனைவுக்கு இது தக்க மறுப்பு.

பிற்காலத்தில் நகரங்களில் வாடகை உயர, இத்தகைய கடைகள் பலவற்றால் நிலைக்க முடியவில்லை. அவ்விடத்தை நிரப்பியதே இன்றைய வீட்டுக் கச்சேரி. இருபது முதல் ஐம்பது வரையான கதிரைகள், அயலவர் கொண்டுவரும் பலகாரங்கள், கதவருகே ஒரு கிண்ணம் என்பனவே அதன் ஏற்பாடு. குடியிருப்புப் பகுதிகளில் வணிகம் நடத்துவதை நகரச் சட்டங்கள் கட்டுப்படுத்துவதனால், நுழைவுச்சீட்டு என்னாது 'நன்கொடை' என்பர். பொது விளம்பரமின்றி அழைப்பின் பேரிலேயே நடத்துவர். நூறு மைல் இடைவெளியில் இரு பெரிய நிகழ்ச்சிகளுக்கிடையே வெறுமையாகக் கிடக்கும் கிழமை நாளொன்றை ஒரு வீடு நிரப்பிவிடுமாயின், பயணம் செய்யும் பாடகரின் வண்டிச் செலவேனும் தேறும். ஆயினும் ஒன்றைக் கூறல் வேண்டும். ஹார்லெத்தில் வீட்டைத் திறந்தவர் வாடகை கட்ட இயலாதவர். இன்று திறப்பவர், ஐம்பது பேரை இருத்தத்தக்க கூடமுடையவர். வாடகைச் சுமை வீட்டாரிடமிருந்து பாடகருக்கு மாறியிருக்கிறது.

வீடு என்பது எல்லோருக்கும் ஒரே பொருளுடையதாகவும் இருக்கவில்லை. எலிசபெத் கொற்றனின் வரலாறு இதற்குச் சான்று. வட கரோலினாவில் 1893இற் பிறந்த இக்கறுப்பினப் பெண், சிறுமியாயிருந்தபோதே வீட்டு வேலைக்குச் சென்று சேர்த்த பணத்திற் கிற்றார் வாங்கினார். இடக்கை வழக்கமுடையவராதலின் வலக்கையாருக்குரிய கருவியைத் தலைகீழாகப் பிடித்து, அடித்தந்திகளை விரல்களாலும் மேற்றந்திகளைப் பெருவிரலாலும் மீட்டினார். இளவயதிலேயே சரக்குப் புகைவண்டியைப் பற்றி 'ஃபிரெயிட் ட்ரெயின்' என்னும் பாடலைப் புனைந்தார். பின்னர் தேவாலயத்தாரின் கண்டிப்பினாலும் குடும்பச் சுமையினாலும் கிற்றாரைப் பல பத்தாண்டுகள் தொடாதிருந்தார்.

1940களில் வாஷிங்டன் நகரின் பெருங்கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது, வழி தவறிய சிறுமி ஒருத்தியைத் தாயிடம் சேர்த்தார். அச்சிறுமி பெகி சீகர். தாய் இசையமைப்பாளர் றூத் குறோபோட் சீகர். அவ்வறிமுகத்தினால் கொற்றன் அவ்வீட்டில் வேலைக்கு அமர்ந்தார். நாட்டார் பாடல்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட குடும்பம் அது. பாடல்களைத் தேடி ஒலிப்பதிவுகளைத் துருவிக்கொண்டிருந்தவர்களின் சமையலறையில், அப்பாடல்களின் கருவூலம் ஒன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததை அவர்கள் சில காலம் அறியவில்லை. சுவரில் தொங்கிய கிற்றாரை எடுத்து அவர் வாசித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது.

பெகி இங்கிலாந்துக்குச் சென்றபோது பாடலும் உடன் சென்றது. 1957இல் அங்கே பிறர் பெயரிற் பதிவாகிப் பெரும் புகழ் பெற்றது. கொற்றனின் உரிமை பின்னரே, அதுவும் முழுமையாகவன்றி, ஏற்கப்பட்டது. பெகியின் தமையன் மைக் சீகர் கொற்றனின் வீட்டிலேயே அவரை ஒலிப்பதிவு செய்து 1958இல் இசைத்தட்டு வெளிவரச் செய்தார். 1960 முதல் கொற்றன் மேடைகளிற் பாடினார். அதன் பின்னரும் பல ஆண்டுகள் வீட்டு வேலையை விடவில்லை.

கச்சேரிகளிலும் பாடலுரிமையிலும் கிடைத்த பணத்தைச் சேர்த்து, 1978இல் சிரக்கியூஸ் நகரில் ஒரு வீட்டை அவர் தம் பெயரில் வாங்கினார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. 1985இல் தமது நேரடிக் கச்சேரிப் பதிவுக்காகக் கிறாமி விருது பெற்றார். 1987 யூன் 29ஆம் திகதி சிரக்கியூஸிலேயே காலமானார்.