கெல்லித் துரையின் மாளிகை



ஈப்போ பக்கம் போனவர்கள் பத்து காஜாவில் அரைகுறையாய் நிற்கும் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். பேய் பங்களா என்று சிலர் பயங்காட்டுவார்கள். பேயை விடுங்க, கட்டிய கதைக்கு வருவோம்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1870-இல் பிறந்து, இருபது வயதில் மலாயா வந்து, ரப்பர்த் தோட்டம் போட்டுப் பணக்காரரானார். முதலில் கட்டிய பங்களா போதாமல் 1915-இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். வேலையாட்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தார்கள். செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்துதான் கப்பலேறின. வளைவு வளைவாய் வாசல்கள், ஆறு மாடிக் கோபுரத்துக்குத் திட்டம். அந்தக் காலத்திலேயே லிப்டுக்குத் தனிக்குழி விட்டிருக்கிறார், பிள்ளைகளே!

1918-இல் உலகமெங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. இங்கேயும் நம் ஆட்கள் பலர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்களாம். துரை சம்மதித்தார். கோயில் இன்றும் இருக்கிறது. மேலே சாமி சிலைகளோடு வெள்ளை உடுப்பில் துரையும் நிற்கிறார்!

1926-இல் ஐரோப்பா போன துரை, லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். அவர் மனைவி சொத்தை விற்றுவிட்டார். மாளிகை முடியவே இல்லை.

நான் சுற்றிப் பார்த்தபோது, செங்கல் சுமந்தவர் ஒருவர் பேரும் என் கண்ணில் படவில்லை. நம் தோட்டத்தில் யாருக்காவது தாத்தா, பாட்டன் அங்கே வேலை செய்தது தெரிந்தால், பேரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்க. பள்ளியில் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.