வேலைக்காரியைப் பதிந்த சட்டமும் தரகரைத் தவறவிட்ட சட்டமும்

கொழும்பின் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயரின் பொருள் 'அடிமைத் தீவு' என்பது. ஒல்லாந்தக் கொம்பனி தன் அடிமைகளைக் கொண்டுபோய் வைத்திருந்த இடம் அது. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் பகல் முழுக்க வேலை வாங்கப்பட்ட அந்த மனிதரின் கதை, இலங்கையில் வீட்டு வேலையின் வரலாற்றுக்கு முதல் அத்தியாயம். அந்த அத்தியாயம் முடிந்துவிட்டது என்றுதான் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. முடிந்ததா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், கொழும்பின் அடிமை உரிமையாளர் பலர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவ்வருடம் ஓகஸ்ட் 12க்குப் பின் தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்பதே அது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தீவு முழுவதும் அடிமைமுறையை ஒழித்தது. அடிமை போனான், ஆனால் அவன் செய்த வேலை போகவில்லை. அந்த வேலைக்கு வந்த கூலியாளைக் கட்டிப்போட வேறு வழிகள் தேவைப்பட்டன.

1865இன் 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடம் கொடுத்தது. தோட்டங்களில் கங்காணியின் கடன் 'துண்டு' என்ற கடதாசியில் எழுதப்பட்டு, அந்தக் கடனை அடைக்கிற துரைக்கு ஆட்கள் கைமாறினார்கள். பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் இதற்கெதிராகக் குரல் கொடுத்தார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

நகரத்து வீடுகளுக்கு வந்தது 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வீட்டு வேலையாட்கள் பதிவுக் கட்டளைச் சட்டம். சமையற்காரர், வண்டிக்காரர், குதிரைக்காரர், தோட்டவேலைக் கூலி என எல்லாரையும் அது பதியச் சொன்னது. வேலையாளுக்கு ஒரு கைப்பதிவேடு. அதிலே முன்பு எங்கு வேலை செய்தார், நடத்தை எப்படி என்ற குறிப்பு. சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, லீவு எப்போது என்பது பற்றிப் பேச்சே இல்லை. எசமானின் வீட்டைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். வேலைக்காரியைக் காப்பாற்ற அல்ல. பிறகு 1941இல் வேதனச் சபைகள் வந்தன, 1954இல் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வந்தது. தேத்தண்ணீர்க் கடையில் வேலை செய்கிற பொடியனுக்கும் ஒரு சட்டம் கிடைத்தது. வெள்ளவத்தை மாடிவீட்டில் விடியக் காலையிலிருந்து ராத்திரி வரை வேலை செய்கிற பிள்ளைக்கு 1871தான்.

1970களின் பிற்பகுதியிலிருந்து அரபு நாடுகளின் கதவு திறந்தது. இப்போது வேலைக்காரியாகப் போனது நம்முடைய உம்மாமாரும் ராத்தாமாரும். 1985இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானது. முகவருக்கு உரிமம் வேண்டும் என்றது சட்டம். ஆனால் ஊருக்குள் வந்து, திண்ணையில் குந்தி, கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து ஆள் பிடிக்கிற சப் ஏஜென்ட் அந்த வலைக்குள் வரவில்லை. அங்கே போனபின் கடவுச்சீட்டு எசமானின் அலுமாரிக்குள். கஃபாலா முறையில் எசமான் சம்மதிக்காமல் வேலை மாற முடியாது. பழைய துண்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

மூதூர் ரிசானா நபீக்கின் கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதைச் சட்டத்தின் கண்ணால் நாம் பார்த்தது குறைவு. பிறந்தது 1988இல், கடவுச்சீட்டில் 1982. 17 வயதில், 2005 மே மாதம், ஸஊதிக்குப் போனாள். சில வாரங்களில் அவள் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது. ஆரம்ப விசாரணையில் அவளுக்குச் சட்டத்தரணி இல்லை. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2013 ஜனவரி 9இல் நிறைவேற்றப்பட்டது. பொய் ஆவணம் செய்த இருவருக்கு இலங்கை நீதிமன்றம் கொடுத்தது 2 வருடச் சிறை.

ஆட்கடத்தல் பற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்தது 2006இல், அவள் போய் ஒரு வருடத்துக்குப் பிறகு. 2 முதல் 20 வருடம் வரை சிறை, சிறுவர் என்றால் 3 வருடத்துக்குக் குறையாது என்று அது சொல்கிறது. ஏமாற்றி ஆள் சேர்ப்பதும் அதற்குள் அடங்கும். நல்ல சட்டம். ஆனால் ரிசானாவின் மரணத்துக்குப் பின் அரசு கையில் எடுத்த ஆயுதம் வேறு. 2013இல் ஸஊதிக்குப் போகும் பணிப்பெண்ணின் ஆகக்குறைந்த வயதை 25 ஆக்கினார்கள். குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமானது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் போகக் கூடாது என்றார்கள். பொருளாதாரம் விழுந்த 2022இல், டொலர் தேவைப்பட்டபோது, அதே விதிகள் தளர்ந்தன. பொய் வயது போட்டவன் தரகன். சோதனைக்கு நிறுத்தப்பட்டவள் தாய்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் நான் படிப்பிக்கிற பாடசாலையில், பெற்றோர் கூட்டத்துக்கு உம்மும்மாவோடு வரும் பிள்ளைகள் உண்டு. "உம்மா குவைத்துல, சேர்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வார்கள். அந்தத் தாய்மாரைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. கடனும் வாடகையும் அவர்களை அனுப்புகின்றன.

ஆனால் நாம் எசமானாக இருக்கும் இடத்தையும் பேசத்தான் வேண்டும். 2021 ஜூலையில், கொழும்பில், நம் சமூகத்தைச் சேர்ந்த முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைசெய்த மலையகச் சிறுமி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். வயது 16. அவளைக் கூட்டிவந்த தரகரும் கைதானார். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பிள்ளை கொழும்பு வீட்டுக்கு வருவது நமக்கு ஏன் சாதாரணமாகிப் போனது என்பதே என் கேள்வி. ரிசானாவுக்காக அழுத கண்களுக்கு இந்தப் பிள்ளையும் தெரிய வேண்டாமா? கூலி பற்றிய நபிமொழியைக் குத்பாவில் கேட்காதவர் நம்மில் இல்லை.

1871ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, சம்பளமும் ஓய்வும் சொல்கிற சட்டமொன்றை வைக்க வேண்டும். சர்வதேசத் தொழில் அமைப்பின் 189ஆம் சமவாயம் 2011இலேயே அதற்கு வழி காட்டியது. அதுவரை நம் கையிலும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்விடாப்பு உண்டு. அதில் பிள்ளை பிறந்த திகதி உண்டு. ஒரு பெண் பிள்ளை திடீரென்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றால், எங்கே போகிறாள், யார் கூட்டிப் போகிறார் என்று அதிபரும் பள்ளிவாசல் நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் ஒரு வாரத்துக்குள் கேட்கலாம். அந்த இடாப்பிலுள்ள வயதும் கடவுச்சீட்டிலுள்ள வயதும் ஒன்றா என்று, பிளேன் ஏறுவதற்கு முன்பே பார்க்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.