உறவைச் செய்யும் மொழி

வட அமெரிக்காவின் பெரும்புல்வெளிகளில், மிசௌரி ஆற்றின் மேற்கே வாழும் லகோட்டா மக்களை வெளியுலகம் ‘சூ’ என்ற பெயரால் அறிந்திருந்தாலும், அது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று; அண்டை இனத்தவரான ஒஜிப்வே மக்களின் சொல் ஒன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் சுருக்கி வழங்கியதால் நிலைத்துவிட்ட பெயர். ‘ஏழு அவைத்தீக்கள்’ என்று பொருள்படும் ‘ஓசேத்தி சகோவின்’ என்ற கூட்டமைப்பின் மேற்குக் கிளையே லகோட்டா. ஓக்லாலா, சிசாங்கு, ஹுங்க்பாபா முதலான 7 பிரிவுகளாக அமைந்த இம்மக்களின் வரலாற்றில் போர்களும் உடன்படிக்கைகளும் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளன. ஆனால் அவர்களை ஒரு மக்களாகப் பிணைத்தது எது என்பதை அறிய அவர்களுடைய மொழியையும், அதனுள் பொதிந்திருக்கும் உறவுமுறையையும் பார்க்க வேண்டும்.

லகோட்டா மொழியில் தந்தையை ‘அத்தே’ என்றும் தாயை ‘இனா’ என்றும் அழைப்பர். தந்தையின் உடன்பிறந்த ஆண்களும் ‘அத்தே’ என்றே அழைக்கப்படுவர். தாயின் சகோதரிகள் அனைவரும் ‘இனா’ ஆவர். தாய்மாமனுக்கும் அத்தைக்கும் மட்டுமே தனிச் சொற்கள் உண்டு. அண்ணனை ஆண் அழைக்கும் சொல் வேறு, பெண் அழைக்கும் சொல் வேறு. இவற்றினும் நுட்பமானது, உறவுப்பெயர் வினைச்சொல்லாக மாறும் இயல்பு. ‘என் தந்தை’ என்பதை லகோட்டாவில் ‘அத்தேவயே’ என்பர். ‘தந்தையாகக் கொண்டிருக்கிறேன்’ என்பதே அதன் நேர்ப்பொருள். உறவு என்பது பிறப்பால் வாய்த்து அப்படியே கிடப்பதன்று, ஒருவர் நாள்தோறும் செய்துவரும் செயல் என்ற பார்வையை அவ்வினைச்சொல் தாங்கி நிற்கிறது.

இவ்வமைப்பு தமிழ் வாசகருக்குப் பழக்கமானதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன், 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வுநூலில் இரோகுவா, லகோட்டாவின் உடன்கிளையான டகோட்டா முதலிய அமெரிக்கப் பழங்குடிகளின் உறவுச்சொற்களைத் தமிழ் உறவுச்சொற்களோடு அருகருகே வைத்து ஒப்பிட்டார். அவ்வொற்றுமையைக் கொண்டு, அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று நிறுவ அவர் முயன்றார். எனினும், தொடர்பே இல்லாத சமூகங்களிலும் இத்தகைய முறை தனித்தனியே தோன்றக்கூடும் என்பதே பின்வந்த ஆய்வாளர்களின் கருத்து. அன்றியும், தமிழரிடையே முறைப்பெண்ணாகக் கருதப்படும் மாமன் மகளை மணப்பது லகோட்டா மரபில் விலக்கப்பட்டதாகும்.

இந்த உறவுப் பின்னலை அறுக்கும் கருவியாகப் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தது. 1868ஆம் ஆண்டின் ஃபோர்ட் லாரமி உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, 6 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பைப் பழங்குடியினர் மீது சுமத்தியது. அதற்கு ஈடாக, 30 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஓர் ஆசிரியரும் தருவதாக அரசு உறுதியளித்தது. ஆனால் 1879இல், ராணுவ அதிகாரி ரிச்சர்ட் ஹென்றி பிராட் பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் தொடங்கிய உறைவிடப் பள்ளிக்கு, பைன் ரிட்ஜ், ரோஸ்பட் குடியிருப்புகளின் பிள்ளைகள் ரயிலேற்றப்பட்டனர்.

அவர்களுள் ஒருவனான சிறுவனுக்கு, தந்தையின் வீரச்செயல்களை நினைவூட்டும் வகையில், ‘பலரை வீழ்த்தியவன்’ என்ற பொருளுடைய பெயர் வைக்கப்பட்டிருந்தது. கரும்பலகையில் எழுதப்பட்டிருந்த, தான் படிக்கவே அறியாத பெயர்களில் ஒன்றைக் கோலால் சுட்டிக்காட்டும்படி அவனிடம் சொல்லப்பட்டதையும், அவ்வாறு அமைந்த ‘லூதர்’ என்ற பெயர் வெள்ளை நாடாவில் எழுதப்பட்டுச் சட்டையின் முதுகில் தைக்கப்பட்டதையும், லூதர் ஸ்டாண்டிங் பேர் 1928இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். அங்கே தாய்மொழியில் பேசத் தடை இருந்தது. யாரையும் உறவுசொல்லி அழைக்க வழியில்லாத இடத்தில், உறவுகளால் ஆன மொழி நாவிலிருந்து நழுவிற்று. அம்மாணவர்களுள் பலர் பெற்றோரான பின், தாம் பட்ட துன்பம் தம் மக்களுக்கு வேண்டாமென்று ஆங்கிலத்திலேயே பேசி அவர்களை வளர்த்தனர்.

அழிவின் நடுவே அம்மொழியைக் காத்தவர்களுள் தலையாயவர் எல்லா டெலோரியா. 1889இல் யாங்க்டன் டகோட்டா குடும்பத்தில் பிறந்து, லகோட்டா பேசும் ஸ்டாண்டிங் ராக் குடியிருப்பில் வளர்ந்த அவர், முதியோர் சொன்ன கதைகளைக் கேட்டெழுதி 1932இல் நூலாக்கினார்; மொழியியல் அறிஞர் ஃபிரான்ஸ் போவாஸுடன் இணைந்து எழுதிய இலக்கணம் 1941இல் வெளிவந்தது. ‘வச்சேகியா’ என்னும் ஒரே சொல் ‘வழிபடுதல்’, ‘உறவுசொல்லி அழைத்தல்’ என்ற இரு பொருளையும் தருவதை எடுத்துக்காட்டி, உறவு பேணுதலே தம் மக்களின் வாழ்வறம் என்று அவர் விளக்கினார்.

பழங்குடி மொழிகளைப் பயன்படுத்தும் உரிமையை அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமாக ஏற்றது 1990இல்தான். இன்று ஸ்டாண்டிங் ராக் குடியிருப்பில், முழுவதும் லகோட்டாவிலேயே நடத்தப்படும் வகுப்புகளில் மழலைகள் அம்மொழியைப் பயில்கின்றனர். அகராதியும் இலக்கணமும் சொற்களைக் காத்துக் கொடுக்கலாம்; ஆனால் ‘அத்தேவயே’ என்ற வினை நிகழ்வதற்கு, அழைக்க ஒரு பிள்ளையும் அழைக்கப்பட ஒரு தந்தையும் வேண்டும். கார்லைல் பள்ளி பிரித்தது அவ்விருவரையே. ஆகவே மொழியின் மீட்சியும் அவர்களிடமிருந்தே தொடங்கியாக வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு சித்திரம் வீதம் காட்டெருமைத் தோலில் தம் வரலாற்றை வரைந்துவைத்த லகோட்டாக்களின் ‘குளிர்காலக் கணக்கு’, அடுத்த இதழில் விரிவாக ஆராயப்படும்.

(தொடரும்)